எல்.சி.

கம்பத்தில் கால் வைக்குமுன் ஒரு கேள்வி உண்டு எங்களுக்கு:
"எல்.சி. வாங்கியாச்சா?"
சப்ளை நிறுத்தியாச்சு, ஏறலாம் என்று
சப் ஸ்டேஷனில் ஒருத்தர் தன் பெயரைச் சொல்ல வேண்டும்,
நாம் எழுதிக்கொள்ள வேண்டும்.
எழுதாமல் ஏறியவன் மாசிலாமணி.
கொருக்குப்பேட்டை கேட் ஓரம்
அவன் செருப்பு ரெண்டு நாள் கிடந்தது.

இருபத்திரண்டு வருஷ லைன்மேனிடம்
கீழ்ப்பாக்கம் டாக்டரம்மா சொல்கிறார்:
"ரெண்டு மில்லி ஆம்பியர்தான். பயப்படாதீங்க."

பயமில்லை மேடம்.
முப்பது கசிந்தால் ட்ரிப் ஆகிற பெட்டியை
வீட்டுக்கு வீடு மாட்டச் சொல்கிறவன் நான்.
ரெண்டு என்பது எறும்பு.
ஆனால் எறும்பு ஊரப் போவது
என் மகளின் மண்டைக்குள்.

உப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சு ரெண்டு.
நெற்றியின் இடப்பக்கம் ஒன்று, வலது தோளில் ஒன்று.
ரப்பர் பட்டை. ஒன்பது வோல்ட் பேட்டரி.
முதல் நாள் பிய்த்து எறிந்தாள் கெத்சியாள்.
மறுநாள் ஜெபமணி தன் தலையில் கட்டிக்கொண்டாள்.
அடுத்த நாள் நான்.
அதற்கும் அடுத்த நாள், டோக்கன் கொடுக்கிற பையன்,
அவன் தலைமுடி ஜெல்லோடு.
பிறகுதான் நெற்றியைக் காட்டினாள்.

ஒன்பது வயது.
அம்மா என்றோ அப்பா என்றோ கூப்பிட்டதில்லை.
தண்டையார்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் மாறுகிறவரை
ஒரு ஸ்டேஷன் விடாமல் சொல்லுவாள்,
மெட்ரோவில் பேசுகிற அந்தப் பெண்ணின் குரலிலேயே.
வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாளை நீக்கும்போதும்
"கதவுகள் வலதுபுறம் திறக்கும்."

இது ஆராய்ச்சி, உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.
பாதிப் பிள்ளைகளுக்கு இருபது நிமிஷமும் கரண்ட் ஓடும்.
மீதிப் பேருக்கு முப்பது வினாடியில் நின்றுவிடும்,
பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.
யாருக்கு எது என்று எங்களுக்குத் தெரியாது,
பட்டை கட்டுகிற பெண்ணுக்கும் தெரியாது.
"அப்பத்தான் உண்மை தெரியும்."

நியாயம்தான்.
ஆனால் லைனில் இருக்கா இல்லையா என்று தெரியாமல்
நான் எதிலும் கை வைத்ததில்லை.
சட்டைப்பையில் டெஸ்டர்.
ஒன்பது வோல்ட்டுக்கு அது எரியாது, தெரியும்.
தெரிந்தும் தினமும் கை அங்கே போகிறது.

பதினான்காம் நாளிலிருந்து இரவில் தூங்குகிறாள்.
கரண்ட்தான் என்கிறாள் ஜெபமணி.
மாடி வீட்டு மிக்ஸி ரிப்பேர் என்கிறேன் நான்.
ரெண்டும் இருக்கலாம்.
அவள் தூங்கும்போது நாங்கள் ரெண்டு பேரும் விழித்திருக்கிறோம்,
பழக்கதோஷம்.

பதினேழாம் நாள். வெளியே நல்ல மழை.
ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டு அந்தப் பெண் குனிந்தாள்.
பச்சை விளக்கைப் பார்த்தபடி கெத்சியாள் கேட்டாள்,
என் குரலில், நடுவில் என் இருமலையும் போட்டு:

"எல்.சி. வாங்கியாச்சா?"

டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.
"புது வார்த்தையா?"
என் வார்த்தை மேடம்.
தினமும் போனில் கத்துவது.

சம்மதப் படிவத்தில் என் கையெழுத்து இருந்தது,
ஜெபமணியின் கையெழுத்து, ஒரு சாட்சி, தேதி.

கொஞ்சம் இருங்க என்றேன்.
மகள் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து
பட்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.
போன் அடித்தது. செக்‌ஷன் ஆபீஸ்.
எங்கேயோ டிரான்ஸ்பார்மர் போயிருக்கும்.
அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.
ஈரம் என் மணிக்கட்டில் வழிந்தது.

அவள் என் கையைப் பார்க்கவில்லை. முகத்தையும்.
மெட்ரோப் பெண்ணின் குரலில் மெதுவாகச் சொன்னாள்:

"கதவுகள் வலதுபுறம் திறக்கும்."

எதிரெதிரே இருந்தோம்.
அவளுக்கு வலதுபுறம் வாசல்.
எனக்கு வலதுபுறம் அந்தப் பெட்டி.